"கார்டு இருக்கே, என்ன பயம்?": ஓய்வுக்குப் பிறகு மருத்துவக் காப்புறுதியும் கையெழுத்தும்

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபதை ஒட்டிய நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால், பாயசம் வருவதற்குள் பேச்சு ஆஸ்பத்திரி பில்லுக்கு வந்துவிடும். "எனக்குத்தான் மெடிக்கல் கார்டு இருக்கே." "சொக்சோ பார்த்துக்கும்." "இருபது வருஷமா கட்டுறேன், கைவிட்டுடுவானா?" "எது வந்தாலும் என் பையன் கையெழுத்துப் போடுவான்."

முதல் மூன்றும் பாதி உண்மை (சொக்சோ என்றால் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பு). நாலாவது பெரும்பாலும் தவறு. ஓய்வு பெற்றவர்களுக்குச் சிக்கல் வருவது இரண்டு கேள்விகளில்தான்: பணம் யார் கட்டுவது, நாம் படுத்துவிட்டால் நமக்காக யார் கையெழுத்துப் போடுவது. காப்புறுதி ஏஜெண்ட் முதல் கேள்வியைப் பேசுவார், வக்கீல் இரண்டாவதைப் பேசுவார். இரண்டும் ஒரே நாளில், ஒரே வார்டில் சேர்ந்து வரும் என்பதால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கார்டுக்குப் பின்னால் இருப்பது என்ன?

தோட்டங்களிலும் கோயில்களிலும் மரண சகாய நிதி நடத்துவார்கள். ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). எந்த வீட்டில் துக்கமோ அந்த வீட்டுக்கு ஒரு தொகை போகும். பல வருஷம் சந்தா கட்டியும் வீட்டில் சாவு விழாத ஒருவர் "என் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று கேட்பதில்லை. அந்தந்த வருஷப் பணம் அந்தந்த வருஷமே வேறு வீடுகளுக்குப் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். இளவட்டங்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போய், சங்கத்தில் வயசானவர்கள் மட்டும் மிஞ்சினால்? கொடுக்க வேண்டியது கூடும், கொடுப்பவர்கள் குறைவார்கள். சந்தாவை ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

மெடிக்கல் கார்டு என்பது மருத்துவக் காப்புறுதியின் அட்டை. அந்தக் காப்புறுதியும் இப்படித்தான் ஓடுகிறது. நீங்கள் இந்த வருஷம் கட்டும் பிரீமியம், அதாவது சந்தா, இந்த வருஷம் படுத்தவர்களின் பில்லுக்குப் போகிறது. உங்கள் பெயரில் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டிருப்பதில்லை. அதனால் "இருபது வருஷமா கட்டினேன்" என்பது அடுத்த வருஷத்துக்குப் பேரம் பேச உதவாது. பிரீமியத்தை நிறுத்தினால், தாமதமாகக் கட்ட விடும் கருணை நாள்கள் முடிந்ததும் பாதுகாப்பும் நின்றுவிடும்.

பிரீமியம் ஏறுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, உங்கள் வயது: 60லிருந்து 61க்குப் போகும்போது வயதுப் பட்டியலில் அடுத்த படிக்கு நகர்கிறீர்கள். பாலிசி வாங்கிய அன்றே இது அட்டவணையாகக் கொடுக்கப்பட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது, மறுவிலை நிர்ணயம்: மருத்துவச் செலவு ஏறியதால் அந்தத் திட்டத்தில் உள்ள எல்லாருக்குமே விலையை மாற்றுவது. நீங்கள் ஒரு தடவைகூடக் கிளைம் செய்யாதவராக இருக்கலாம், உங்களுக்கும் ஏறும்.

2024 கடைசியில் நாடே பேசிய பிரீமியம் உயர்வு இந்த இரண்டாவது வகை. கடிதத்தைப் பிரித்த பலர் அதிர்ந்துபோனார்கள். அந்த டிசம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. அடிப்படைத் திட்டத்தில் இருக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓர் ஆண்டு நிறுத்திவைக்கவும் சொன்னது. கவனியுங்கள், பரப்பச் சொன்னதுதான். ஏற்றவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

முதலீட்டோடு ஒட்டிய பாலிசி

"எனக்கு அப்படி ஏறவே இல்லை, பல வருஷமா அதே 250 வெள்ளிதான்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களில் பலர் வைத்திருப்பது முதலீட்டோடு இணைந்த பாலிசி. கட்டும் பணத்தில் ஒரு பகுதி முதலீட்டு நிதியில் யூனிட்டுகளாகச் சேர்கிறது. மருத்துவப் பாதுகாப்புக்கான கட்டணம் அந்த யூனிட்டுகளை விற்று மாதாமாதம் எடுக்கப்படுகிறது.

நாற்பது வயதில் அந்தக் கட்டணம் சின்னது, யூனிட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். அறுபதுக்கு மேல் கட்டணம் நீங்கள் கட்டும் 250ஐத் தாண்டிவிடும். மிச்சம் சேமிப்பிலிருந்து போகும். வெளியே பார்த்தால் எல்லாம் அமைதிதான், அதே 250 வெள்ளி வங்கியிலிருந்து கழிகிறது. உள்ளே யூனிட்டு கரைந்துகொண்டிருக்கிறது. அது காலியாகும் நாளில் பாலிசியும் முடிந்துவிடும், எழுபது வயதில், வேறு எங்கேயும் புதிதாகச் சேர முடியாத நேரத்தில்.

வருஷாவருஷம் வரும் அறிக்கையில், இப்போதைய பிரீமியத்தில் பாலிசி எத்தனை வயது வரை தாங்கும் என்ற ஒரு வரி இருக்கும். போனஸ், நிதியின் வருமானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் படியுங்கள். "74" என்று இருந்தால் ஏஜெண்டைக் கூப்பிட இன்றே நல்ல நாள்.

சுருக்கமாக: கார்டு ஒரு சொத்து இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தம். வயதும் மருத்துவச் செலவும் ஏற ஏற அதன் விலையும் ஏறும். விலை ஏறாதது போலத் தெரிந்தால், சேமிப்பு கரைகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி கார்டு எப்போது முடிகிறது?

2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு டெக்னீசியனை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த கார்டு அவருக்கும் மனைவிக்கும் இத்தனை காலம் போதுமாக இருந்தது. தனியாக ஒன்று எதற்கு என்று விட்டுவிட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது, பிள்ளைகளின் படிப்புக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது.

கம்பெனி கார்டு, வேலையோடு ஒட்டிய குழுக் காப்புறுதி. பொதுவாகக் கடைசி வேலை நாளோடு அதுவும் போய்விடும், மனைவியின் பாதுகாப்பும் சேர்ந்தே போகும். இப்போது 60 வயதில், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள ஒருவராக, அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் அவருடைய உடல்நிலையை எடைபோட்டு, எடுக்கலாமா, எந்த விலைக்கு என்று முடிவு செய்யும். அதன் பெயர் அண்டர்ரைட்டிங். முடிவு நாலு விதமாக வரலாம்: சரி, கூடுதல் விலைக்குச் சரி, இன்னின்ன நோய் தவிர மற்றதற்குச் சரி, முடியாது. சேருமுன்பே இருந்த நோய், முன்நோய் என்று பெயர். பொதுவாக அதற்குப் பணம் தர மாட்டார்கள்.

சேர்ந்துவிட்டாலும் காத்திருப்புக் காலம் உண்டு. விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு வழக்கமாக முதல் 30 நாள்கள். இதய நோய், கட்டி, கல் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள்கள். ஆக, வேலை முடிந்த மறுநாளே புது கார்டு கையில் இருந்தாலும் நாலு மாதத்துக்கு ஓர் ஓட்டை இருக்கிறது.

இதற்கு இருக்கும் நல்ல வழி, உடம்பு நன்றாக இருக்கும் ஐம்பது வயதிலேயே கழிவுத் தொகை உள்ள பாலிசி ஒன்றை எடுத்து வைப்பது. கழிவுத் தொகை என்றால் பில்லில் முதலில் நாம் ஏற்கும் பகுதி. அதை 20,000 வெள்ளி என்று வைத்தால் பிரீமியம் நன்றாகவே குறையும். வேலையில் இருக்கும்வரை அந்த 20,000ஐக் கம்பெனி கார்டு பார்த்துக்கொள்ளும். சில பாலிசிகளில், ஓய்வு பெறும்போது மறுபடி உடல்நிலை கேட்காமலேயே கழிவுத் தொகையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. வாங்கும்போது இந்த உரிமை எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது.

விண்ணப்பப் படிவத்தில் நோயை மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. "சும்மா 'இல்லை'ன்னு டிக் பண்ணுங்க அண்ணே" என்று சொல்லும் ஏஜெண்ட் இன்னும் இருக்கிறார். கிளைம் வரும் நாளில் நிறுவனம் கிளினிக்கின் பழைய பதிவுகளைக் கேட்கும். அப்போது அந்த ஏஜெண்ட் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்.

டிஸ்சார்ஜ் கவுண்டரில் நடப்பது

தனியார் மருத்துவமனையில் சேரும்போது நிறுவனம் ஒரு உத்தரவாதக் கடிதம் அனுப்பும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஜிஎல் என்பார்கள். அது வந்ததும் வீட்டார் மூச்சு விடுவார்கள். ஆனால் அந்தக் கடிதம் ஒரு தொடக்கத் தொகைக்கான உறுதிமொழி மட்டுமே. கடைசி பில் வந்ததும் நிறுவனம் மறுபடி பார்க்கும். டாக்டர் காலை எட்டரைக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியும், மதியம் மூன்று மணி வரை உடைமாற்றி, பையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது பார்வைதான்.

கவுண்டரில் கையில் தரும் தாளில் இரண்டு பத்திகள் இருக்கும்: நிறுவனம் கட்டுவது, நோயாளி கட்டுவது. நோயாளி பத்தியில் என்னென்ன வரும்? பதிவுக் கட்டணம், துணைக்குத் தங்கியவரின் சாப்பாடு, சில துணைப் பொருள்கள் என்று சில்லறைகள். இவை ஐம்பது, நூறோடு போகும். பெரிய அடி அறை வாடகையில் விழும். பாலிசி ஒரு நாளைக்கு 150 வெள்ளி அறைக்கு என்று 2008இல் எழுதியது. இன்றைய அறை 350. மிச்சம் 200 நம் கையிலிருந்து, சரி. ஆனால் சில பழைய பாலிசிகளில் இன்னொரு விதி ஒளிந்திருக்கும்: தகுதிக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், மொத்த பில்லில் 20 விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும். 30,000 வெள்ளி பில் என்றால் 6,000 வெள்ளி, ஜன்னலோர அறைக்காக. சேரும்போதே "என் தகுதிக்கு எந்த அறை?" என்று கேட்டுவிட்டால் இது வராது.

புதுத் திட்டங்களில் இணைக்கட்டணம் என்ற ஒன்றைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நாம் ஏற்பது, உதாரணமாக 5 விழுக்காடு. அதற்குப் பதிலாகப் பிரீமியம் குறைவு. கையில் கொஞ்சம் சேமிப்பு உள்ளவர்களுக்கு இது மோசமான பேரம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் ஒரு பில்லுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், எந்தக் கார்டும் சாதாரணமாகத் தொடாதவை: மூக்குக் கண்ணாடி, பல் செட், காதொலிக் கருவி, வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆள், முதியோர் இல்லக் கட்டணம். பக்கவாதம் வந்தால் ஆஸ்பத்திரி செலவு இரண்டு வாரம், வீட்டுச் செலவு பல வருஷம். கார்டு முதல் இரண்டு வாரத்துக்குத்தான்.

அரசாங்க மருத்துவமனையும் மற்றவையும்

கார்டு இல்லாதவர்கள் அநாதைகள் இல்லை. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு மூன்று வெள்ளி. 60 வயதைக் கடந்தவர்களுக்கு வெளிநோயாளிப் பதிவுக் கட்டணமும் இல்லை. பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியிலோ கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலோ விடிகாலையிலேயே நம்பர் எடுக்க நிற்பவர்களில் கார்டு உள்ளவர்களும் இருக்கிறார்கள். காத்திருப்பு அதிகம். மூட்டு, ஸ்டெண்ட் போன்ற உடலுக்குள் வைக்கும் பொருள்களுக்குத் தனியாகப் பணம் கேட்கப்படலாம். ஓட்டை அங்கேதான்.

அந்த ஓட்டையை அடைக்க பேக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டம் இருக்கிறது. 2019இல் தொடங்கியது. குறைந்த வருமானக்காரர்களுக்கான எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் இலவச உடல் பரிசோதனை, மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி, புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி, போக்குவரத்து உதவி ஆகியவை உண்டு. தகுதி இருந்தும் கேள்விப்படாதவர்கள் நம்மில் நிறைய. அரசாங்க ஊழியராக ஓய்வு பெற்றவர்களுக்கு நிலைமை வேறு. பென்ஷனோடு அவர்களுக்கும் துணைவருக்கும் அரசாங்க மருத்துவமனையில் சலுகைச் சிகிச்சை தொடரும்.

சொக்சோ? அது வேலையிடத்து விபத்து, தொழில் நோய், 60 வயதுக்கு முன் உழைக்க முடியாமல் போவது ஆகியவற்றுக்கானது. அறுபத்தைந்தில் வரும் மாரடைப்புக்கு அதனிடம் போக முடியாது.

"என் பையன் கையெழுத்துப் போடுவான்"

இனி கையெழுத்து. மகன், மகள், மனைவி என்ற உறவு மட்டும் உங்கள் வங்கிக் கணக்கிலோ பாலிசியிலோ வீட்டிலோ கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தருவதில்லை. அதற்காகத்தான் பலர் அதிகாரப் பத்திரம் எழுதுகிறார்கள். பவர் ஆஃப் அட்டர்னி என்றால் எல்லாருக்கும் புரியும்: எனக்குப் பதிலாக இன்னார் செயல்படலாம் என்று எழுதி, உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்யும் பத்திரம்.

அதை எழுதிவிட்டால் முதுமைக்கு வழி செய்தாயிற்று என்பதுதான் பரவலான நம்பிக்கை. மலேசியாவில் அப்படி இல்லை. எழுதியவர் மனத்திறனை இழந்தால், அதாவது தானே முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தால், சாதாரண அதிகாரப் பத்திரம் அன்றோடு செல்லாது. தன்னிடம் இல்லாத அதிகாரத்தை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்து வைக்க முடியாது என்பது சட்டத்தின் தர்க்கம். சிங்கப்பூரில் மனத்திறன் போன பிறகும் நிலைக்கும் ஒரு பத்திரம் உண்டு. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அதைக் கேள்விப்பட்டு வந்து இங்கேயும் அப்படித்தான் என்று சொல்வதால் குழப்பம் கூடுகிறது. இங்கே மறதிநோயோ கடுமையான பக்கவாதமோ வந்த பிறகு குடும்பத்துக்கு இருக்கும் வழி, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தை அணுகி, அவருடைய சொத்தை நிர்வகிக்க ஆளை நியமிக்கச் சொல்வது. வக்கீல், மருத்துவ அறிக்கை, மாதங்கள்.

இப்போது காப்புறுதியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அப்பா தன் கிரெடிட் கார்டில் பிரீமியத்தை ஆட்டோவாகக் கழிக்க விட்டிருக்கிறார். பக்கவாதம் வந்து படுக்கிறார். மூன்றாம் மாதம் கிரெடிட் கார்டு காலாவதியாகிறது. புது கார்டு வீட்டுக்கு வந்து உறைக்குள்ளேயே கிடக்கிறது, அதை இயக்க அவர்தான் பேச வேண்டும். பிரீமியம் கழியவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அவருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது, அதன் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. தேவைப்படும் நேரத்தில் பாலிசி காலாவதியாகிவிடுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

இதற்கு நீதிமன்றம் வேண்டாம், நல்ல உடம்போடு இருக்கும்போதே ஒரு மதியம் போதும். பிரீமியத்தைப் பிள்ளையின் கணக்கிலிருந்து கழியும்படி மாற்றி, பணத்தை அவரிடம் கொடுத்துவிடலாம். பிள்ளையின் தொலைபேசி எண்ணையும் நிறுவனத்தில் பதியச் சொல்லலாம். வீட்டுச் செலவுக்கு ஓர் அளவான தொகையை, இருவரில் யார் கையெழுத்திட்டாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வைக்கலாம். எல்லாப் பணத்தையும் அதில் போட வேண்டாம். பிள்ளைகளுக்குள் பின்னால் வரும் சண்டைக்கு அதுவே விதையாகிவிடும்.

நாமினி ஒன்று, உயில் வேறு

நாமினி என்றால் ஒரு குறிப்பிட்ட பணத்தைப் பெறுவதற்கு நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர். உயில் உங்கள் மற்ற சொத்துக்கானது. இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிப் பணமும் ஆயுள் காப்புறுதிப் பணமும் நாமினியின் பாதையில் போகும். உயிலில் வேறு மாதிரி எழுதினாலும் அந்த நியமனம் மாறாது. இருபத்து மூன்று வயதில் முதல் வேலையில் சேர்ந்தபோது யார் பெயரை எழுதினீர்கள் என்று நினைவிருக்கிறதா? போய்ப் பாருங்கள்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இபிஎஃப் நாமினி பணத்துக்கே உரியவர். முஸ்லிம்களுக்கு அவர் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே, பணம் ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி வாரிசுகளுக்குப் போகும். பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய என்பதால் இந்த வேறுபாடு தெரியாமல் வரும் மனத்தாங்கலும் நிறைய.

உயில் இல்லாமல் ஒரு முஸ்லிம் அல்லாதவர் இறந்தால் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பேசும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. "வீடு எப்படியும் அம்மாவுக்குத்தானே" என்று நினைத்த குடும்பங்கள் இந்த இடத்தில்தான் திகைக்கும். செந்தூலில் ஒரு சின்ன வீடு, மூன்று பிள்ளைகள், ஒருவர் ஆஸ்திரேலியாவில் என்றால், விற்கவோ மாற்றவோ மூவரும் ஒத்துவர வேண்டும்.

உயில் எழுத 18 வயது, எழுத்து வடிவம், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் போதும். சாட்சியோ அவருடைய துணைவரோ அந்த உயிலில் பங்கு பெறக் கூடாது, பெற்றால் அந்தப் பங்கு போய்விடும். மருமகனைச் சாட்சியாக வைத்து மகளுக்கு வீடு எழுதுவது அதனால்தான் வம்பு. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகும் என்பதும் பலருக்குத் தெரியாது.

சுருக்கமாக: நாமினி இபிஎஃப்புக்கும் காப்புறுதிக்கும், உயில் வீட்டுக்கும் மற்றவற்றுக்கும், அதிகாரப் பத்திரம் சுயநினைவு உள்ளவரை மட்டும்.

உயில் இல்லாமல், வீடு நிலத்தோடு சேர்த்து 50 லட்சம் வெள்ளிக்குள் உள்ள சொத்தை நில அலுவலகம் வழியாகவே பங்கிட்டுக்கொள்ளலாம். முன்பு 20 லட்சமாக இருந்த இந்த வரம்பு 2024இல் உயர்ந்தது. நம்மில் பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும், உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.

கிளைமை மறுத்தால்

முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் காரணம் கேளுங்கள், எந்த விதியின்படி என்றும் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, அதன் இறுதி முடிவை வாங்குங்கள். அந்த முடிவிலும் திருப்தி இல்லை என்றால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை, எஃப்எம்ஓஎஸ், இருக்கிறது. முன்பிருந்த இரண்டு அமைப்புகள் 2025 ஜனவரி 1 முதல் ஒன்றாகி இது ஆனது. புகார் செய்பவருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். காப்புறுதி வழக்கில் 250,000 வெள்ளி வரை பார்ப்பார்கள். இறுதி முடிவு கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதத்தின் உறையையும் தேதி முத்திரையோடு எடுத்து வையுங்கள்.